கோச் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது உங்களில் யார்? – 'பகுதிகள்' முறையைப் பழகத் தொடங்குபவர்களுக்கு

நான் கும்பகோணத்தில் கோச்சாக இருக்கிறேன். நீட் கோச்சிங் இல்லை. வேலையை விடலாமா, சொந்தத் தொழில் தொடங்கலாமா, அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் கடையிலிருந்து பிரிந்து வரலாமா என்று முட்டிக்கொண்டு நிற்பவர்களோடு உட்கார்ந்து, அவர்களே ஒரு முடிவுக்கு வர உதவுகிற வேலை. புதிதாக இந்தத் தொழிலுக்கு வருபவர்கள் கேட்கிறார்கள்: "ஐ.எஃப்.எஸ். மாதிரி பயிற்சி எடுத்தா கிளையன்ட்கிட்ட புதுசா என்ன பண்ணலாம் சார்?"

ஐ.எஃப்.எஸ். என்பது மனசைப் பல 'பகுதிகளாக'ப் பார்த்துப் பேசுகிற ஒரு முறை, கீழே விளக்குகிறேன். பண்ணலாம், நிறைய இருக்கிறது. ஆனால் வரிசை முக்கியம். அந்தப் பயிற்சி முதலில் கை வைப்பது நம்மேல்தான். அதனால் இந்த விளக்கத்திலும் கிளையன்ட் மூன்றாவது படியில்தான் வருவார்.

கொஞ்சம் பின்னணி

மனம் ஒரே குரலில் பேசுவதில்லை என்ற எண்ணம் உளவியலில் பழையது. இத்தாலிய மனநல மருத்துவர் ராபர்டோ அசாஜியோலி 'துணை ஆளுமைகள்' பற்றிப் பேசினார். அமெரிக்காவில் ஹால் ஸ்டோன், சிட்ரா ஸ்டோன் தம்பதி 'வாய்ஸ் டயலாக்' என்ற முறையை உருவாக்கினார்கள். இன்று பரவலாகத் தெரிவது 'இன்டர்னல் ஃபேமிலி சிஸ்டம்ஸ்', சுருக்கமாக ஐ.எஃப்.எஸ். ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ் என்ற அமெரிக்கக் குடும்ப சிகிச்சையாளர் 1980களில் தொடங்கியது. அளவு மீறிச் சாப்பிட்டுவிட்டு வாந்தியெடுக்கும் புலிமியா நோயாளிகள் அவரிடம் வந்தார்கள். 'எனக்குள் ஒரு பகுதி சாப்பிடச் சொல்கிறது, இன்னொன்று திட்டுகிறது' என்கிற ரீதியில் அவர்கள் பேசுவதை அவர் கவனித்தார். ஒரு வீட்டில் ஒருவர் இழுக்க இன்னொருவர் தள்ளுவதைப் பார்த்துப் பழகிய கண், அதையே மனசுக்குள்ளும் பார்த்தது. கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்த நம்மூர்க்காரர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

அவர் கணக்கில் பகுதிகள் மூன்று வகை. பழைய வலியைச் சுமந்துகொண்டு ஒதுக்கப்பட்டுக் கிடப்பவை 'எக்ஸைல்'. அந்த வலி கிளம்பாமல் முன்கூட்டியே எல்லாவற்றையும் கட்டுப்பாட்டில் வைப்பவை 'மேனேஜர்'. வலி கிளம்பிவிட்டால் குடி, கோபம், விடிய விடிய செல்போன் என்று எதையாவது போட்டு அணைப்பவை 'ஃபயர்ஃபைட்டர்'. இவை எதுவும் கெட்டதில்லை, எல்லாமே ஏதோ ஒன்றைக் காப்பாற்றத்தான் அப்படி நடக்கின்றன என்பது இந்த முறையின் அடிப்படை நம்பிக்கை. இவற்றுக்கு நடுவே 'செல்ஃப்' என்று ஒன்று உண்டு: நிதானம், அறியும் ஆவல், கருணை, தெளிவு, துணிவு போன்ற குணங்களோடு இருப்பது.

ஆராய்ச்சி எந்த அளவில் இருக்கிறது? இருக்கிறது, ஆனால் குறைவு. 2013இல் முடக்குவாத நோயாளிகள் 79 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வில் வலியிலும் உடல் இயக்கத்திலும் முன்னேற்றம் தெரிந்தது. அதை வைத்துக்கொண்டு 'அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்ட வழி' என்று விசிட்டிங் கார்டில் போடாதீர்கள்.

படி 1: உங்கள் பகுதிகளுக்கு ஒரு பட்டியல்

ஒரு நோட்டை எடுங்கள். கோச்சிங் செய்யும்போது உங்களுக்குள் யார் யார் முன்னால் வந்து நிற்கிறார்கள் என்று எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டப்பெயர் வையுங்கள். உடம்பில் எங்கே தெரிகிறது, அது வந்தால் என்ன சொல்ல வாய் துறுதுறுக்கிறது, வராவிட்டால் என்ன ஆகிவிடும் என்று அது பயப்படுகிறது – இந்த மூன்றையும் பக்கத்தில் குறியுங்கள்.

என் நோட்டில் முதலில் இருப்பவர் 'வாத்தியார்'. கிளையன்ட் இரண்டு வாக்கியம் பேசியதும் இவருக்குப் பதில் தெரிந்துவிடும். தாடை இறுகும், உடம்பு முன்னால் சாயும். டெல்டாவில் இவருக்குத் தீனி அதிகம். வருகிறவர்களே 'நீங்களே ஒரு வழி சொல்லுங்க சார்' என்றுதான் உட்காருகிறார்கள், சொல்லாவிட்டால் காசு வாங்கியதே தப்போ என்று தோன்றும். அடுத்தவர் 'நல்ல பிள்ளை'. கிளையன்ட் முகம் சுருங்கினால் பேச்சை மாற்றிவிடுவார். மூன்றாமவர் 'கணக்குப்பிள்ளை'. மணியைப் பார்ப்பார், அடுத்த மாதமும் இவர் வருவாரா என்று பார்ப்பார்.

நான்காவதைக் கண்டுபிடிக்கத்தான் பயிற்சி தேவைப்பட்டது. ஐ.எஃப்.எஸ். பயிற்சியில் விரிவுரையைவிட ஒருவர்மேல் ஒருவர் பழகிப் பார்ப்பதுதான் அதிகம். மூன்று பேர் சேர்ந்து ஒருவர் கோச், ஒருவர் கிளையன்ட், ஒருவர் கவனிப்பவர் என்று மாறி மாறி உட்காருவோம். அப்படி நான் கிளையன்டாக உட்கார்ந்த நேரத்தில் ஒன்று தெரிந்தது. எங்கள் அப்பா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு டவுனுக்கு வந்தவர். நிலத்தைப் பற்றி யார் பேசினாலும் எனக்குள் ஒரு பகுதி 'விட்டுடாதீங்க' என்று அவர்கள் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறது. அதுவரை அதை என் கொள்கை என்று நினைத்திருந்தேன். விவசாயத்தின்மேல் அக்கறை, அவ்வளவுதான் என்று.

இப்போதும் அந்த அக்கறை இருக்கிறது. ஆனால் அது பேச வரும்போது எனக்குத் தெரிகிறது. அந்த வித்தியாசம் சின்னதாகத் தோன்றலாம், தொழிலில் அது பெரிய வித்தியாசம்.

படி 2: கதவு திறப்பதற்கு முன் ஐந்து நிமிடம்

செஷனுக்கு முன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்காருங்கள். இப்போது யார் முன்னால் இருக்கிறார்கள் என்று பாருங்கள். விரட்ட வேண்டாம். 'நீ இருக்கிறது தெரியுது, ஒரு மணி நேரம் கொஞ்சம் பின்னால உட்காரு' என்று கேட்டுப் பாருங்கள். சில நாள் உட்காரும், சில நாள் உட்காராது. உட்காராத நாளில் அது இருப்பதைத் தெரிந்துகொண்டு பேசினாலே போதும்.

படி 3: கிளையன்டோடு பேசுவது

கற்பனையாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். துபாயிலிருந்து விடுப்பில் வந்திருக்கிறார், வயது முப்பது, திருத்துறைப்பூண்டி பக்கம் ஐந்து ஏக்கர். அப்பாவுக்கு முடியவில்லை. மேட்டூரில் ஜூன் 12இல் தண்ணீர் திறந்தால் குறுவை போடலாம், அதற்குள் முடிவு சொல்ல வேண்டும்.

"ஒரு மனசு திரும்பிப் போயிடலாம்ங்குது சார். இன்னொரு மனசு அப்பாவை விட்டுட்டுப் போறது பாவம்ங்குது."

நமக்கு வாசல் இதுதான். கிளையன்டுகள் பாதிப் பேர் தாங்களாகவே இப்படிப் பேசுவார்கள். 'உங்களுக்குள் பல பகுதிகள் உள்ளன' என்று பாடம் எடுக்கத் தேவையே இல்லை. அவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டு, "இந்த ரெண்டுல எதை முதல்ல கேக்கலாம் தம்பி?" என்று கேளுங்கள்.

அவர் 'போயிடலாம்' என்பதைத் தேர்ந்தெடுக்கிறார். அது உடம்பில் எங்கே தெரிகிறது, எப்போதிலிருந்து இருக்கிறது என்று மெதுவாக விசாரியுங்கள். அப்புறம் வருவதுதான் முக்கியமான கேள்வி:

"அப்படிச் சொல்ற அந்த மனசைப் பார்த்தா உங்களுக்கு என்ன தோணுது?"

ஐ.எஃப்.எஸ். முறையின் அச்சாணி இந்தக் கேள்விதான். 'எரிச்சலா இருக்கு சார், சுயநலமா தெரியுது' என்று பதில் வந்தால், பேசுவது அவர் இல்லை, 'பாவம்' என்று சொல்கிற மற்றப் பகுதி. அதைக் கொஞ்சம் விலகி உட்காரச் சொல்லிவிட்டு மறுபடி கேட்க வேண்டும். 'ஏன் அப்படிச் சொல்லுதுன்னு தெரிஞ்சுக்கணும்போல இருக்கு' என்று வந்தால் சரி, இப்போது அவரே அந்தப் பகுதியோடு பேசலாம். நீங்கள் மொழிபெயர்க்க வேண்டாம். "அது எதுக்குப் பயப்படுதுன்னு நீங்களே கேட்டுப் பாருங்க."

இங்கே அமைதி வரும். அரை நிமிடம், சில சமயம் அதற்கும் மேல். வாத்தியார் துடிப்பார். துடிக்கட்டும்.

இதே கேள்வியை உங்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்: இவருடைய 'போயிடலாம்' பகுதியைப் பார்த்தால் எனக்கு என்ன தோன்றுகிறது? என் விஷயத்தில், அங்கே அந்த நான்காமவர் எழுந்து நிற்பார். அவர் நிற்கும்போது நான் கேட்கிற கேள்விகள்கூட ஒரு பக்கம் சாயும்: 'அப்பா என்ன சொல்றாரு?' என்பது நடுநிலையான கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் அதைக் கேட்டவர் யார் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்று. "சாமி வர்ற மாதிரியா சார், பேய் புடிச்ச மாதிரியா?" என்று சிலர் கேட்பார்கள். சிரிக்காதீர்கள். மனநலம் வேண்டிக் குணசீலம் கோயிலில் தங்கிவிட்டு வருகிற மரபு உள்ள பகுதி இது. 'வெளியேயிருந்து வந்ததைப் பற்றி நாம இங்க பேசலை, உங்களோடயே வளர்ந்த எண்ணங்களைத்தான் கேக்குறோம்' என்று சொன்னால் போதும். அவர் நம்பிக்கையோடு வாதம் வேண்டாம்.

படி 4: அனுமதி கேளுங்கள்

காவலுக்கு நிற்கும் பகுதியை (மேனேஜர், ஃபயர்ஃபைட்டர்) தாண்டிப் போக அவசரப்படுவதுதான் ஆரம்பத்தில் எல்லோருக்கும் வரும் ஆசை. மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கரைக் கேட்காமல் ராத்திரியில் ஷட்டரைத் தூக்கினால் கீழே யார் வயல் மூழ்கும் என்று தூக்கியவருக்குத் தெரியாது. இங்கும் அப்படித்தான். எந்தப் பகுதி 'இதைப் பற்றிப் பேசாதே' என்கிறதோ, அதனிடம்தான் முதலில் கேட்க வேண்டும்: பேசினால் என்ன ஆகும்? அது சொல்லும் பதில் பெரும்பாலும் நியாயமாகவே இருக்கும். 'இன்னைக்கு வேண்டாம்' என்றால் இன்றைக்கு வேண்டாம்.

படி 5: வரப்பு

இந்தப் படியைத் தாண்டிவிட்டு மற்றதைப் படிக்காதீர்கள். ஐ.எஃப்.எஸ். ஒரு சிகிச்சை முறையாகப் பிறந்தது. அதில் பயிற்சி எடுத்ததால் கோச் சிகிச்சையாளர் ஆகிவிட மாட்டார். ஒதுக்கப்பட்ட பகுதியிடம் போய் அதன் பழைய சுமையை இறக்கி வைப்பது சிகிச்சையாளரின் வேலை. காவல் பகுதிகளோடு பேசி, அவற்றின் பயத்தைத் தெரிந்துகொண்டு, ஒரு முடிவுக்கு இடம் உண்டாக்குவதோடு நம் வேலை முடிகிறது.

நடைமுறையில் இது எப்படி வரும்? தென்னைக்கு ஊடுபயிர் போடலாமா என்று பேச பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். பேச்சு 2018 நவம்பர் கஜா புயலுக்குப் போகிறது. விழுந்த மரங்களைப் பற்றி வருத்தமாகப் பேசினால் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் மூச்சு வாங்குகிறது, கண் எங்கோ நிலைக்கிறது, அந்த ராத்திரி இப்போது நடப்பதுபோலப் பேசுகிறார் என்றால் உள்ளே போகாதீர்கள். கண்ணைத் திறக்கச் சொல்லுங்கள், காலைத் தரையில் ஊன்றச் சொல்லுங்கள், அறையில் இருக்கும் பொருட்களைப் பார்க்கச் சொல்லுங்கள், தண்ணீர் கொடுங்கள். அப்புறம் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்க்க வழி சொல்லுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் எண் 14416, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். தற்கொலை எண்ணம், காதில் குரல் கேட்பது, விட முடியாத குடி என்றால் பகுதிகளைப் பற்றிப் பேசவே தொடங்காமல் நேராக அனுப்பிவிடுங்கள்.

முதல் சந்திப்பிலேயே இந்த வரப்பை வாயால் சொல்லுங்கள், ஒரு தாளிலும் எழுதிக் கொடுங்கள். சங்கடமாக இருந்தால், அது 'நல்ல பிள்ளை'.

படி 6: முடிவும் அதற்குப் பிறகும்

செஷன் முடிய பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு சின்னச் செயலைக் கேளுங்கள். துபாய்த் தம்பி 'ஞாயிற்றுக்கிழமை அப்பாகிட்ட குத்தகையைப் பத்திப் பேசுறேன்' என்கிறார் என்று வையுங்கள். உடனே தலையாட்டாமல், 'இதுக்கு உள்ள யாராவது மறுப்பு சொல்றாங்களா?' என்று கேளுங்கள். மறுப்பு இருந்தால் செயலைச் சுருக்குங்கள். அப்பாவிடம் பேசுவதற்கு முன் அம்மாவிடம் பேசலாம், அல்லது வேலையில் விடுப்பை நீட்டிக்க முடியுமா என்று மட்டும் விசாரிக்கலாம்.

எங்கே பேசுகிறார் என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஆன்லைன் என்றால் வீட்டில் நாலு காது இருக்கும். போர் செட்டில் உட்கார்ந்து பேசச் சொல்லலாம், மோட்டார் ஓடாத நேரமாகப் பார்த்து.

அவர் போன பிறகு படி 1 நோட்டை எடுத்து மூன்று வரி எழுதுங்கள்: யார் வந்தார், எந்தக் கேள்வியில் வந்தார், நான் என்ன செய்தேன். கிளையன்டின் பெயரோ ஊரோ அதில் வேண்டாம், அது உங்களைப் பற்றிய நோட்டு. மாதம் ஒரு முறை இதே முறையில் பழகும் இரண்டு பேரோடு அதைப் பகிர்ந்துகொள்ளுங்கள். தஞ்சாவூரில் ஆள் கிடைக்காவிட்டால் வீடியோ காலில் மதுரைக்காரரோ கோவைக்காரரோ போதும். மூன்று பேர் இருந்தால் ஒருவர் சும்மா கவனிக்கலாம், அவருக்குத்தான் நம் வாத்தியார் எழுந்து நிற்பது நம்மைவிட முதலில் தெரியும்.