வயதான ஹேம்ஸ்டருக்குத் தரையோடு ஒரு வீடு

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டு ஹாலில்தான் சோமுவின் கூண்டு இருக்கிறது. சோமு சிரியன் வகை ஹேம்ஸ்டர், எலி போன்ற சின்ன வளர்ப்புப் பிராணி. இரண்டு வயது முடிந்துவிட்டது. இவற்றின் ஆயுளே இரண்டு, மூன்று ஆண்டுகள்தான். ஒன்றரை வயதிலேயே முதுமை எட்டிப் பார்க்கும். போன மாதம் ஓர் இரவு மேல்தட்டு ஏணியில் பின்னங்கால்கள் வழுக்கி, முன்கைகளால் கம்பியைப் பற்றியபடி தொங்கிக்கொண்டிருந்தான். கையில் எடுத்தபோது உடம்பெல்லாம் நடுங்கியது. மறுநாளே கூண்டை மாற்றினேன். உங்கள் வீட்டிலும் ஒரு கிழவன் இருந்தால் இப்படிச் செய்து பாருங்கள்.

படி 1: உயரத்தை எடுத்துவிடுங்கள்

ஏணி, மேல்தட்டு, குழாய் எதுவும் வேண்டாம். எல்லாம் ஒரே தளத்தில் இருக்கட்டும். கூண்டு சிறியதென்றால் 100 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலமுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டி போதும். மூடியில் பெரிய சதுரமாக வெட்டி, கம்பிவலை பொருத்திக்கொள்ளுங்கள்.

படி 2: படுக்கை

காகிதப் படுக்கைதான் நல்லது. பைன், தேவதாரு மரச்சீவலின் வாசம் மூச்சுக்குழாயை உறுத்தும். பஞ்சு வைக்கவே வைக்காதீர்கள், அதன் இழை காலில் சுற்றி இறுகிவிடும். வாசனையில்லாத டிஷ்யூவைக் கிழித்துப் போட்டால் அவனே கூடு கட்டிக்கொள்வான். ஒரு பக்கம் தோண்ட 15 செ.மீ. ஆழம் விடுங்கள், நடக்கும் பக்கம் மெல்லியதாகப் பரப்பி, கையால் அழுத்திவிடுங்கள். தளர்ந்த கால் புதையாது.

இதில் முக்கியமான ஒன்று: பழைய படுக்கையில் பாதியையாவது புதியதோடு கலந்துவிடுங்கள். ஹேம்ஸ்டருக்குப் பார்வை மங்கல், வயதானால் இன்னும் மோசம். மூக்கை வைத்துத்தான் வீட்டை அடையாளம் காண்கிறது. முதலில் நான் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துவிட்டேன். சோமு விடிய விடிய மூலைக்கு மூலை மோந்துகொண்டே அலைந்தான். பழைய டிஷ்யூ ஒரு கைப்பிடி போட்ட பிறகுதான் சுருண்டு படுத்தான்.

படி 3: தண்ணீர், சாப்பாடு, சக்கரம்

தண்ணீர்ப் புட்டியை எக்காமல் குடிக்கும் உயரத்துக்கு இறக்குங்கள். பக்கத்திலேயே தாழ்வான பீங்கான் கிண்ணத்திலும் தண்ணீர் வையுங்கள். பல் தேய்ந்தோ வளைந்தோ இருந்தால் தீவன உருண்டையை வெந்நீரில் ஊறவைத்து, ஆறவிட்டுக் கொடுங்கள். மிச்சத்தைச் சில மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும், நம் ஊர் வெக்கையில் சீக்கிரம் புளித்துப்போகும். சக்கரத்தை எடுக்காதீர்கள், ஆசைப்படும்வரை ஓடட்டும். கம்பியில்லாத, தளம் மூடிய சக்கரமாக, சிரியனுக்கு 28 செ.மீ. விட்டத்தில் இருந்தால் முதுகு வளையாது.

படி 4: வெக்கையும் எறும்பும்

ஹேம்ஸ்டருக்கு 20 முதல் 24 டிகிரி இதம். கோலாலம்பூரில் மதியம் 32, 33 சாதாரணம். ஜன்னல் வெயில் படாத இடத்தில் வைத்து, பீங்கான் ஓடு ஒன்றை உள்ளே போடுங்கள். மத்தியானத்தில் சோமு நான்கு கால்களையும் பரப்பி, வயிறு முழுக்க ஓட்டில் படும்படி ஒட்டிக் கிடப்பான். ஏர்கோன் காற்றோ விசிறிக் காற்றோ நேராக அடிக்கக் கூடாது. எறும்புக்கு மருந்து தெளிக்காதீர்கள். பாட்டி காலத்துச் சாப்பாட்டு அலமாரிக்குச் செய்வது போல கூண்டு வைத்த மேசையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள்.

படி 5: வாரம் ஒரு முறை எடை

சமையல் தராசில் ஒரு கிண்ணம் வைத்து நிறுத்து, எழுதி வையுங்கள். பத்து கிராம் இறங்கினாலோ, வால் பக்கம் ஈரமாக இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ காத்திருக்க வேண்டாம். எல்லா விலங்கு மருத்துவமனையிலும் ஹேம்ஸ்டரைப் பார்க்கமாட்டார்கள், போன் போட்டுக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். அப்புறம், அவனைக் கொண்டுபோகும் டப்பாவில் கூண்டின் பழைய டிஷ்யூ ஒரு கைப்பிடி போட மறக்காதீர்கள்.