அரசு வேலை கைக்கு வரும்போது கடன் குறுக்கே நிற்காமலிருக்க

குமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் மணவாளக்குறிச்சி மணல் ஆலை உள்ளூரிலேயே இருக்கிறது. மகேந்திரகிரி இஸ்ரோவும் கூடங்குளமும் மாவட்ட எல்லையைத் தாண்டினால் வந்துவிடும். தேர்வில் தேறி, போலீஸ் வெரிஃபிகேஷனுக்குப் படிவம் நிரப்பும்போதுதான் பலருக்கு வயிறு கலங்கும்: "வீட்ல கடன் கெடக்கே, வேலை போயிருமா?"

கடன் இருப்பதாலேயே வேலை போகாது. மத்திய அரசின் அந்தச் சான்றுறுதிப் படிவம் கைது, வழக்கு, தண்டனை பற்றித்தான் கேட்கிறது. அமெரிக்காவில் நிலைமை வேறு. பணத்துக்கு நெருக்கப்படுகிறவர் ரகசியத்தையும் விற்கக்கூடும் என்று, அங்கே ரகசியப் பணிகளுக்கான பாதுகாப்பு அனுமதி விதிகளில் கடனுக்கே தனித் தலைப்பு உண்டு. நம் ஊரில் சிக்கல் சுற்றிவளைத்து வருகிறது: கடன் வழக்காகும், வழக்கு படிவத்தில் ஏறும்.

வழக்காகும் முக்கிய வழி, வட்டிக்கு வாங்கும்போது எழுதாத செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. அண்ணனுக்காக, மச்சானுக்காகத் தன் செக்கை நீட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். அது பணமில்லாமல் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு. 2 ஆண்டு வரை சிறை விதிக்கக்கூடிய குற்ற வழக்கு. செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் கடன் கொடுத்தவர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கைக்கு வந்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட்டால் வழக்கே இல்லை. ஆனால் நம்மவர்கள் செய்வது என்ன? தபால்காரரிடம் "ஆள் இல்ல" என்று சொல்லித் திருப்பி அனுப்புவது. சரியான முகவரிக்கு வந்த நோட்டீஸை வாங்க மறுத்தாலும், கொடுத்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். தப்பிக்க இருந்த 15 நாளும் வீணாய்ப் போனதுதான் மிச்சம்.

இதைவிடப் பெரிய தவறு, நடக்கிற வழக்கைப் படிவத்தில் 'இல்லை' என்று எழுதுவது. தகவலை மறைத்தால் தகுதியிழப்பு என்று படிவத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது. உண்மையை எழுதினாலும் ஒருவரின் தகுதியை எடைபோடும் உரிமை நிர்வாகத்துக்கு உண்டு என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, அதை மறுப்பதற்கில்லை. ஆனாலும், எழுதியவருக்குத் தன் பக்கத்தைச் சொல்ல இடமிருக்கிறது. மறைத்தவர் பணியில் சேர்ந்த பிறகும் நீக்கப்படலாம்.

வங்கி வேலைக்குப் போகிறவர்களுக்குக் கெடுபிடி இன்னும் அதிகம். அங்கே சிபில் அறிக்கை, அதாவது வாங்கிய கடன்களை ஒழுங்காகக் கட்டினோமா என்று காட்டும் பதிவு, நேரடியாகவே பார்க்கப்படும். நர்சிங்குக்கும் இன்ஜினியரிங்குக்கும் வாங்கிய கல்விக் கடனை 'அரசு தள்ளுபடி செய்யும்' என்று கட்டாமல் விடுவது இங்கே வாடிக்கை. அப்பா கையெழுத்திட்டிருந்தாலும் கடன் மாணவர் பெயரிலும் பதிவாகும். 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கில், கடன்களை அடைத்துவிட்டதாக வாதிட்டும், பழைய தவணைத் தவறல்களுக்காக ஸ்டேட் வங்கி பணி நியமனத்தை ரத்து செய்தது செல்லும் என்றே தீர்ப்பானது.

பாதித் தொகை கட்டி 'செட்டில்மென்ட்' முடித்தால் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்றுதான் நிற்கும், 'குளோஸ்டு' என்று வராது. முடிந்தவரை முழுதாக அடைத்து, பாக்கி இல்லை என்ற சான்றை (என்ஓசி) வாங்குங்கள். நண்பனின் பைக் லோனுக்கு ஜாமீன் போட்டிருந்தால் அதுவும் உங்கள் அறிக்கையில் தெரியும். ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கை இலவசம். விண்ணப்பிக்கும் முன்பே எடுத்துப் பாருங்கள். தவறான பதிவிருந்தால் புகார் கொடுங்கள். 30 நாளைத் தாண்டி இழுத்தடித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது.

வேலையில் சேர்ந்தபின் யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். மத்திய அரசின் 1964 நடத்தை விதிகளில் 17-ஆவது விதி, தீராத கடனாளியாக இருப்பதைத் தவிர்க்கச் சொல்கிறது. கடன் வசூலுக்கு வழக்கு வந்தால் ஊழியரே முழு விவரத்தையும் மேலதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். எதிர்பாராத சூழ்நிலையால்தான் கடன்பட்டேன் என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையதே. அதனால் மருத்துவமனை பில், தொழில் நஷ்டக் கணக்கு போன்றவற்றைத் தூக்கிப் போடாமல் ஒரு ஃபைலில் வையுங்கள்.