பழைய ரெக்கார்டு ஓட்டக்காரங்க லிஸ்ட் போடுறது எப்படி? கென்யா நந்தி ஏரியாவை வெச்சு ஒரு கைடு

ஒரு ஏரியால இருந்து ஆரம்ப காலத்துல ரெக்கார்டு வெச்ச ஓட்டக்காரங்க யார் யாருன்னு லிஸ்ட் போட நிறைய பேர் கிளம்புறாங்க, ஆனா பாதிப் பேர் எல்லா டைமையும் ஒரே கட்டத்துல கொட்டிட்டு குழப்பிக்கிறாங்க. நான் நந்தியை எடுத்துக்கிறேன், கென்யாவோட மேற்கு மேட்டுநிலம், தலைமை ஊர் கப்சபெட். இந்த ஒரு சின்ன ஏரியால இருந்து வந்த பேர் மட்டுமே லிஸ்ட் போடப் பழகுறதுக்கு தாராளமா போதும்.

முதல் வேலை, உலக ரெக்கார்டு, ஒலிம்பிக் ரெக்கார்டு, நாட்டு ரெக்கார்டு மூணுக்கும் தனித்தனி கட்டம் போடுங்க. நந்திக்காரர் கிப்சோகே கெய்னோவைப் பாருங்க. 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்ல 1500 மீட்டர்ல அமெரிக்காக்காரர் ஜிம் ரையனை ஏறக்குறைய 20 மீட்டர் பின்னாடி விட்டு 3:34.9ல முடிச்சார், அதுதான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. ஆனா அது உலக ரெக்கார்டு இல்லீங்க, ரையன் 1967லயே 3:33.1 ஓடியிருக்கார். கெய்னோவோடது ஒலிம்பிக் ரெக்கார்டு, 1984ல செபாஸ்டியன் கோ வந்துதான் அது போச்சு. அவரோட உலக ரெக்கார்டு ரெண்டும் 1965ல வந்தது: ஆகஸ்ட் 27 ஸ்வீடன் ஹெல்சிங்போர்கில 3000 மீட்டர் 7:39.6, நவம்பர் 30 ஆக்லாந்துல 5000 மீட்டர் 13:24.2. 3000ல பழைய ரெக்கார்டு 7:46.0, ஒரே ஓட்டத்துல ஆறு செகண்டுக்கு மேல குறைச்சிருக்கார், இப்பல்லாம் யாராவது ஒரு செகண்ட் குறைச்சாலே பெரிய நியூஸ்.

ரெண்டாவது, தூரத்தை அப்படியே எழுதுங்க, மாத்தாதீங்க. பிரிட்டிஷ்காரன் ஆண்ட இடத்துல எல்லாம் அந்தக் காலத்துல மைல், கஜம் கணக்குதான். 1954ல லசாரோ செப்க்வோனிங்கிற நந்திக்காரர் லண்டன் ஒயிட் சிட்டி ஸ்டேடியத்துல வெறும் கால்ல ஓடினது ஆறு மைல் ரேஸ், அதாவது சுமார் 9656 மீட்டர், 10,000க்கு 344 மீட்டர் கம்மி. அவர் அடிபட்டு பாதில விலகிட்டார், அதனால ரெக்கார்டு கட்டத்துல வரமாட்டார், ஆனா லிஸ்டுக்கு மேல ஒரு வரி குறிப்பா கண்டிப்பா எழுதுங்க, ஏன்னா கெய்னோவுக்கு முன்னாடி யாருமே இல்லைன்னு நினைக்கிறவங்க ஜாஸ்தி. மூணு மைலும் அதே கதைதான், 5000க்கு 172 மீட்டர் கம்மி. 1976ல மைல் ஓட்டத்தைத் தவிர மத்த கஜக்கணக்கு உலக ரெக்கார்டு எல்லாத்தையும் தூக்கிட்டாங்க, அதனால பழைய பட்டியல்ல இருக்கிற பேரு புதுப் பட்டியல்ல இல்லைன்னா பதறாதீங்க.

மூணாவது கடிகாரம், எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். புள்ளிக்கு அப்புறம் ஒரே ஒரு எண் இருந்தா பெரும்பாலும் கையால ஸ்டாப்வாட்ச் அமுக்கி எடுத்த டைம், ரெண்டு எண் இருந்தா எலக்ட்ரானிக். ஹென்றி ரோனோ, இவரும் நந்திதான், 1978ல 3000 மீட்டர் ஸ்டீப்பிள்சேஸ் (தடுப்பும் தண்ணிக் குழியும் தாண்டி ஓடுற ரேஸ்) 8:05.4 ஓடினார். பதினோரு வருஷம் கழிச்சு 1989 ஸ்டாக்ஹோம்ல பீட்டர் கோச், அவரும் நந்தி, 8:05.35 ஓடி அந்த ரெக்கார்டை எடுத்தார். கை டைமிங்ல பத்தில் ஒரு செகண்டுக்கு மேல்பக்கமாத்தான் ரவுண்டு பண்ணுவாங்க, அந்தக் கணக்குல 8:05.35ம் 8:05.4 ஆயிடும்! போதாததுக்கு கையால அமுக்குறவங்க துப்பாக்கிச் சத்தத்துக்கு கொஞ்சம் லேட்டாத்தான் ஸ்டார்ட் பண்ணுவாங்க. அதனால ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல போட்டு "இவர் இவரைவிட வேகம்"னு எழுதிடாதீங்க, கை டைமுக்குப் பக்கத்துல ஒரு சின்ன "கை"ன்னு குறிச்சு வெச்சாப் போதும்.

ரோனோவுக்கு மட்டும் தனிப் பக்கமே ஒதுக்கலாம். 1978ல 81 நாளுக்குள்ள நாலு உலக ரெக்கார்டு: ஏப்ரல் 8 பெர்க்லில 5000 மீட்டர் 13:08.4, மே 13 சியாட்டில்ல அந்த ஸ்டீப்பிள்சேஸ், ஜூன் 11 வியன்னால 10,000 மீட்டர் 27:22.5, ஜூன் 27 ஆஸ்லோல 3000 மீட்டர் 7:32.1. இதுல பாதி ஊர்ல பெரிய சாம்பியன்ஷிப் எல்லாம் கிடையாது, சும்மா காலேஜ் லெவல் மீட், அவர் அமெரிக்கால வாஷிங்டன் ஸ்டேட் யுனிவர்சிட்டில படிச்சுட்டிருந்தார். அதனாலதான் ஒலிம்பிக் ரிசல்ட்டை மட்டும் புரட்டி லிஸ்ட் போட்டா இவர் பேரே வராது, 1976லயும் 1980லயும் கென்யா ஒலிம்பிக்கைப் புறக்கணிச்சது, மனுஷன் ஒரு ஒலிம்பிக் கூட ஓடல. தேதிவாரியா வர்ற உலக ரெக்கார்டு பட்டியலைத்தான் முதல்ல பாக்கணும், மெடல் பட்டியல் அப்புறம்.

நாலாவது, ஏரியா எல்லை. கென்யான்னாலே எல்லாத்தையும் ஒரே மூட்டைல கட்டிடுறாங்க. 1968ல 10,000 மீட்டர் தங்கம் வாங்கின நஃப்தாலி தெமு கிசி பக்கம், 1964ல கென்யாவுக்கு முதல் ஒலிம்பிக் மெடல் வாங்கிக் குடுத்த வில்சன் கிப்ருகுட் கெரிச்சோ பக்கம், 1973ல ஸ்டீப்பிள்சேஸ் ரெக்கார்டு வெச்ச பென் ஜிப்சோ எல்கான் மலை பக்கம். இவங்க யாரும் நந்தி லிஸ்ட்ல வரக்கூடாது. ரோனோன்னு பேர் பாத்ததும் அண்ணன் தம்பின்னு முடிவு பண்ணவும் வேணாம், 1988 சியோல்ல 1500 மீட்டர் தங்கம் வாங்கின பீட்டர் ரோனோவும் நந்தி ஏரியாதான், ஹென்றிக்குத் தம்பி இல்ல.

உயரமும் ஒரு கட்டமா சேத்துக்கோங்க. மெக்ஸிகோ சிட்டி 2240 மீட்டர் உயரம், தூர ஓட்டத்துல எல்லாருக்கும் மூச்சு வாங்கும், டைம் மோசமாத்தான் வரும். அங்க கெய்னோ 3:34.9 ஓடினதை கடல் மட்டத்துல ஓடின டைமோட நேரா ஒப்பிட்டா அவருக்குத்தான் அநியாயம்.

"ஆரம்ப காலம்" எங்க முடியுதுன்றதை நீங்களே முடிவு பண்ணி தலைப்புலயே வருஷத்தைப் போட்டுடுங்க. நான்னா 1954ல ஆரம்பிச்சு 1978ல நிறுத்திடுவேன், கோச்சை ரோனோவோட அடிக்குறிப்புல வெச்சுக்குவேன்.