காய்கறியைக் கண்டாலே வாயை மூடிக்கொள்ளும் குழந்தை: எங்கிருந்து தொடங்குவது?

நேற்று வரை தின்ற கேரட்டை இன்று துப்புகிறது இரண்டு வயதுக் குழந்தை. எப்படியாவது உள்ளே தள்ளிவிட வேண்டும் என்றுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் மறுப்பில் பல வகை உண்டு, ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. காரணம் தெரியாமல் வற்புறுத்தினால் சாதாரணத் தயக்கம்கூட வெறுப்பாக இறுகிவிடும். கீழே உள்ள முறை 1 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கானது.

படி 1: ஒரு வாரம் எழுதி வையுங்கள்

நேரம், கொடுத்த உணவு, உள்ளே போன அளவு, மறுத்த விதம் ஆகிய நான்கையும் குறியுங்கள். பால், பிஸ்கட், ஜூஸ், பக்கத்து வீட்டில் கிடைத்த முறுக்கு எதையும் விட வேண்டாம். பார்த்ததுமே தலையைத் திருப்பியதா, வாயில் வைத்துத் துப்பியதா, மெல்லாமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டதா, ஓங்கரித்ததா என்று பிரித்து எழுதினால்தான் அடுத்த படிக்கு உதவும்.

படி 2: எந்த வகை மறுப்பு?

*பசியில்லாத மறுப்பு.* இதுதான் மிக அதிகம். முதல் ஆண்டில் சுமார் 6 கிலோ கூடிய குழந்தை, இரண்டாம் ஆண்டில் 2.5 கிலோ அளவே கூடும். வளர்ச்சி வேகம் குறையும்போது பசியும் குறைகிறது. அதோடு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் பாலும் போனால் சோற்றுக்கு இடம் ஏது?

*புதியதைக் கண்டு தயக்கம்.* ஒன்றரை வயதுவாக்கில் தொடங்கி, 2 முதல் 6 வயதுக்குள் உச்சத்தில் இருக்கும். கசப்பைப் பெரியவர்களைவிடக் குழந்தைகள் கூடுதலாக உணர்வதால் கீரையும் பாகற்காயும்தான் முதலில் ஒதுக்கப்படும். இது வளர்ச்சியின் ஒரு கட்டம். பிடிவாதம் என்று பெயர் வைக்காதீர்கள்.

*பதம் பிடிக்காத மறுப்பு.* வெண்டைக்காயின் வழவழப்பு, தக்காளித் தோல், பாலாடை ஆகியவை இதில் சேரும். இரண்டு வயது வரை எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்துக் கொடுக்கும் வீடுகளில் இது கூடுதல். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதிக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், கட்டியான உணவை 9 மாதத்துக்குப் பிறகே தொடங்கிய குழந்தைகளுக்கு 7 வயதிலும் சாப்பாட்டுச் சிக்கல்கள் அதிகம் இருந்தன.

*வாந்தியோடு ஒட்டிக்கொண்ட வெறுப்பு.* ஒரு உணவைச் சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்து வாந்தி வந்தாலும், மூளை அந்த உணவின் மேலேயே பழியைப் போடும். புற்றுநோய்க்கான மருந்து ஏற்றுவதற்கு முன் புதுச் சுவை ஐஸ்கிரீம் சாப்பிட்ட குழந்தைகள் பிறகு அதை ஒதுக்கியதை அமெரிக்க உளவியல் ஆய்வாளர் இலீன் பெர்ன்ஸ்டைன் 1978-இல் பதிவு செய்தார். காய்ச்சலின்போது கொடுத்த இட்லியைக் குழந்தை மாதக்கணக்கில் மறுப்பதும் இதே வழியில்தான்.

*வலி.* வாய்ப்புண், முளைக்கும் பல், தொண்டை வீக்கம், எல்லாவற்றுக்கும் மேலாக மலச்சிக்கல். வாரத்துக்கு மூன்று முறைக்கும் குறைவாக, இறுகி மலம் போனால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

படி 3: பசி வர இடம் விடுங்கள்

மூன்று வேளை உணவு, இரண்டு சிற்றுண்டி, இடையில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். உதாரணமாக 8 மணிக்குக் காலை உணவு, 10.30-க்குப் பழம், 1 மணிக்குச் சோறு, 4 மணிக்கு மசித்த சுண்டல், 7 மணிக்கு இரவு உணவு. நடுவில் தண்ணீர் மட்டும். பால் நாளுக்கு 400 முதல் 500 மி.லி. போதும், அதுவும் உணவுக்குப் பின், டம்ளரில். இப்போது 800 மி.லி. குடிக்கிறது என்றால் ஒரே நாளில் வெட்டாமல், இரண்டு மூன்று நாளுக்கு 100 மி.லி. வீதம் குறையுங்கள்.

ஒரு வேளைக்கு 20 முதல் 30 நிமிடம். அதற்குமேல் தட்டைப் பேசாமல் எடுத்துவிடலாம். கிண்ணத்தோடு தெருவெல்லாம் பின்னால் ஓடி ஊட்டினால், உட்கார்ந்து சாப்பிடும் பழக்கம் வரவே வராது.

படி 4: தட்டைச் சிறிதாக்குங்கள்

ஒவ்வொரு பண்டத்துக்கும், வயது ஒன்றுக்கு ஒரு மேசைக்கரண்டி. மூன்று வயதுக்கு மூன்று கரண்டி சோறு, அவ்வளவுதான் தொடக்கம்; கேட்டால் மீண்டும் போடலாம். நிச்சயம் தின்னும் ஒரு பண்டம் எப்போதும் தட்டில் இருக்கட்டும். புதியது பட்டாணி அளவு போதும், தனியாக ஓரத்தில். குவித்து வைத்த பொரியலைப் பார்த்தாலே குழந்தை பின்வாங்கும்.

படி 5: ஒரே ஒரு காயை எடுத்துக்கொண்டு ஏறுங்கள்

பொறுமை தேவைப்படும் இடம் இதுதான். ஒரு உணவு பழக 8 முதல் 15 முறை கண்ணில், கையில், நாக்கில் பட வேண்டியிருக்கும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வைத்தால் ஒன்றரை, இரண்டு மாதம் வரை ஆகலாம். பல வீடுகளில் நாலைந்து முறையிலேயே "இவனுக்குப் பீன்ஸ் பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

பீன்ஸையே எடுத்துக்கொள்வோம். முதலில் கடையில் குழந்தையே எடுத்துக் கூடையில் போடட்டும். வீட்டில் நார் எடுக்கட்டும், ஒடிக்கட்டும். அடுத்து நீங்கள் தின்னும்போது அதன் தட்டிலும் ஒரு துண்டு. பிறகு முகர்தல், உதட்டில் தொடுதல், நக்குதல், கடித்துத் துப்புதல், கடைசியில் விழுங்குதல். துப்புவதும் முன்னேற்றம்தான், துப்ப ஒரு கிண்ணம் வையுங்கள். ஒரு படியில் இரண்டு வாரம் நின்றாலும் கவலை வேண்டாம்.

இன்னொரு வழி, பிடித்ததிலிருந்து பாலம் போடுவது. உருளைக்கிழங்கு வறுவல் பிடிக்கும் என்றால் அதே நீளத்தில், அதே மசாலாவில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு; அது பழகியதும் கேரட்; பிறகு பீட்ரூட். ஒரு தடவைக்குக் கூடியவரை ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பதம் பிடிக்காத குழந்தைக்கு வெண்டைக்காயைத் துடைத்து, ஈரம் உலர்ந்தபின் நறுக்கி, மூடாமல் மொறுமொறுவென வதக்கினால் வழவழப்பு போய்விடும். கேரட், பீட்ரூட் போன்ற கெட்டியான காய்கள் விரலால் அழுத்தினால் நசுங்கும் அளவுக்கு வெந்திருக்க வேண்டும். பச்சைக் கேரட் துண்டு, முழு நிலக்கடலை, முழு திராட்சை ஆகியவை 4 வயதுக்கு முன் மூச்சுக்குழாயை அடைக்கலாம்.

படி 6: பேச்சை மாற்றுங்கள்

என்ன, எப்போது, எங்கே என்பதைப் பெற்றோர் முடிவு செய்ய வேண்டும். சாப்பிடுவதா, எவ்வளவு என்பதைக் குழந்தை முடிவு செய்யட்டும். அமெரிக்க உணவியல் நிபுணர் எல்லின் சாட்டர் வகுத்த இந்தப் பிரிவினை வீட்டுச் சண்டையைக் குறைக்க உதவும்.

"கீரை சாப்பிட்டா சாக்லேட்" என்ற பேரத்தை விடுங்கள். பானத்தைக் குடித்தால் பரிசு என்றபோது குழந்தைகளுக்கு அந்தப் பானத்தின் மேல் விருப்பம் குறைந்ததை அமெரிக்க உளவியல் ஆய்வாளர் லியான் பிர்ச் குழுவினர் 1984-இல் காட்டினார்கள். "பூச்சாண்டி வருவான்" அதைவிட மோசம். "இது மொறுமொறுன்னு இருக்கு, பாரு" என்று சொல்லி நீங்கள் தின்னுங்கள். பாட்டி, தாத்தா, அப்பா எல்லாரும் ஒரே முறையைப் பிடித்தால்தான் பலன்.

எங்கே தவறுகிறது?

கீரையை அரைத்துத் தோசை மாவில் மறைப்பது சத்துக்கு உதவும், பழக்கத்துக்கு உதவாது; கண்டுபிடித்தால் தோசையும் போய்விடும். கலப்பதானால் சொல்லிவிட்டுக் கலக்குங்கள். போனைக் காட்டி ஊட்டினால் கவளம் இறங்கும், ஆனால் என்ன தின்றோம், வயிறு நிறைந்ததா என்பது குழந்தைக்குத் தெரியாது. மறுத்த உடனே வேறு சமைத்துத் தருவதும் மறுப்பைத்தான் பழக்கும். கசப்பு மருந்தைப் பாலிலோ சாதத்திலோ கலக்கவே கூடாது. அந்தப் பாலே வெறுத்துவிடும்.

வாந்திக்குப் பின் ஒதுக்கிய உணவைச் சில வாரம் கண்ணில் காட்டாமல் வைத்து, உடல் நன்றாகத் தேறியபின் வேறு வடிவில் கொண்டுவாருங்கள். இட்லிக்குப் பதில் மினி ஊத்தப்பம். நோயில் இருக்கும்போது புதிய உணவைத் தொடங்க வேண்டாம்.

மருத்துவரிடம் எப்போது?

மூன்று மாதமாக எடை கூடவில்லை அல்லது குறைகிறது, ஏற்கும் உணவுகள் மொத்தம் 20-க்கும் கீழே, அதுவும் ஒவ்வொன்றாகக் குறைகின்றன, வேளைதோறும் ஓங்கரிப்பு; குடிக்கும்போது இருமல்; மண், சாக்பீஸ், சுவர்ச் சுண்ணாம்பு தின்னுதல். கடைசியில் சொன்னது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். இவற்றில் ஒன்று இருந்தாலும் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். பேச்சிலோ விளையாட்டிலோ தாமதமும் சேர்ந்திருந்தால், அரசு ஏற்பாட்டில் மாவட்ட அளவில் இயங்கும், வளர்ச்சித் தாமதங்களைச் சிறு வயதிலேயே கவனிக்கும் ஆரம்பகால இடையீட்டு மையத்தில் பரிசோதிக்கலாம். ஒரு உணவைத் தின்ற சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உதடு வீங்கினாலோ தடிப்பு வந்தாலோ அது ஒவ்வாமையாக இருக்கலாம். அந்த உணவை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். மூச்சுத் திணறினால் 108-ஐ அழையுங்கள்.