செம்மண் கொல்லைக்கும் கண்மாய் வயலுக்கும் ஒரே உழவா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஒரே வீட்டுக்கு மேட்டில் செம்மண் கொல்லையும் கண்மாய்க்குக் கீழே களிமண் வயலும் இருக்கும். வாடகை டிராக்டர் வந்த அன்றைக்கே இரண்டையும் சேர்த்து ஓட்டிவிடுகிறோம். வண்டிக்காரருக்கு அது வசதி, மண்ணுக்கு இல்லை.

செம்மண்ணில் அதிகம் நடக்கும் தவறு ரோட்டவேட்டரை இரண்டு மூன்று தடவை விட்டு மாவாக்குவது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். அடுத்து ஒரு மழை பெய்து வெயில் அடித்தால் மேலே பொருக்குத் தட்டிவிடும். கடலை முளை அதைப் பிளந்துகொண்டு வர முடியாது. கோடை மழை ஈரம் இருக்கும்போது ஐந்து கொழுக் கலப்பையோ ஒன்பது கொழுக் கலப்பையோ போட்டு, சிறு கட்டிகள் கிடக்கிற மாதிரி விட்டாலே போதும். காய்ந்து இறுகிய செம்மண்ணில் கொழு மேலாகக் கீறிவிட்டுப் போகும், டீசல்தான் வீண். செம்பூராங்கல் தட்டுப்படும் இடமென்றால் வட்டத் தட்டு வைத்த சட்டிக்கலப்பைதான் சரி, கல்லில் அது உருண்டு ஏறிவிடும். சரிவுக்குக் குறுக்கே ஓட்டச் சொல்லுங்கள். நீளவாக்கில் ஓட்டினால் திரும்புவது குறையும் என்று டிரைவர் சொல்லுவார். ஐப்பசி மழை அந்தச் சால் வழியே மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போய்விடும்.

களிமண் வயலில் கதை வேறு. ஈரம் கூடுதலாக இருக்கும்போது உழுதால் மண் பாளம் பாளமாகப் புரண்டு, காய்ந்ததும் கல்லாகிவிடும். காய்ந்த மண்ணில் விதைக்கிற புழுதி விதைப்புக்கு இதைவிடக் கெடுதல் இல்லை. உழுகிற ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உருட்டிப் பாருங்கள். கயிறாகத் திரிந்தால் பொறுக்க வேண்டும். உருண்டை கீழே விழுந்து உதிர்ந்தால் வண்டியைக் கூப்பிடலாம். சேற்றுழவு தனி, அதற்குத் தண்ணீர் நிறுத்தி, கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டி ஓட்டுவது.

களர் தட்டிய இடத்தில் அடிமண்ணைப் புரட்டி மேலே கொண்டுவர வேண்டாம்.

வருடா வருடம் ஒரே ஆழத்தில் ஓட்டினால் அதற்குக் கீழே மண் இறுகிக் கடினத்தட்டு உண்டாகும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை உளிக்கலப்பையை ஒன்றரை அடி ஆழத்தில், குறுக்கும் நெடுக்கும் விட வேண்டும். அதுவும் அடிமண் காய்ந்திருக்கும்போதுதான். ஈரத்தில் உளி கோடு கிழிக்குமே தவிர தட்டு உடையாது. கருவி கிடைக்கவில்லையென்றால் வேளாண்மைப் பொறியியல் துறையில் வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள்.