பழைய பங்களாவோட கதையை எங்கிருந்து தேட ஆரம்பிக்கணும்

அமெரிக்காவோட மேற்குப் பக்கம் சின்னச் சின்ன ஊருங்க நிறைய இருக்கு, கடைத்தெரு நடந்தா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும், ஆனா ஒரு ஓரத்துல கோபுரம், வளைஞ்ச வராண்டா, கலர் கண்ணாடி ஜன்னல்னு ஒரு பெரிய பங்களா நின்னுட்டிருக்கும். கலிபோர்னியாவுல யுரேகா ஊர்ல மர வியாபாரி வில்லியம் கார்சன் 1884ல ஆரம்பிச்சு 1886ல கட்டி முடிச்ச கார்சன் மேன்ஷன் இந்த ரகத்துலயே ரொம்ப பேர் போனது, அதைப் பத்தி எழுத ஆள் நிறைய இருக்காங்க. பேர் தெரியாத மத்த பங்களாக்களுக்குதான் யாரும் இல்ல, அதுக்காகத்தான் இதை எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு, வாசல் பலகையில போட்டிருக்க வருஷத்தையும் ஊர்க்காரங்க சொல்ற பேய்க் கதையையும் கேட்டு நோட்டுல எழுதிக்கோங்க, ஆனா அதை நம்பி ஆரம்பிக்காதீங்க. வரி ஆபீஸ் ரெக்கார்டுல "கட்டின வருஷம் 1900"னு இருந்தாலும் அது பல நேரம் குத்துமதிப்பாப் போட்டதுதான்.

நிலத்துல இருந்து ஆரம்பிங்க. தெரு நம்பர் காலப்போக்குல மாறும், ஆனா பத்திரத்துல இருக்க லாட் (மனை), பிளாக் (மனைத் தொகுதி) நம்பர் அவ்வளவு சுலபமா மாறாது. அதைக் குறிச்சுக்கிட்டு கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) ரெக்கார்டர் ஆபீஸுக்கு, அதாவது பத்திரம் பதியுற இடத்துக்குப் போனா வித்தவங்க பேர்ல ஒரு இன்டெக்ஸ், வாங்கினவங்க பேர்ல ஒரு இன்டெக்ஸ் இருக்கும். இன்னிக்கு ஓனர் யாரோ அவரு யார்கிட்ட வாங்கினாரு, அவரு யார்கிட்ட வாங்கினாருன்னு ஒவ்வொரு படியா பின்னாடி போயிட்டே இருக்கணும், கடைசியில அரசாங்கம் முதல்முதலா கொடுத்த பட்டா வரைக்கும் போயிடலாம். குடியேறி விவசாயம் பண்றவங்களுக்கு அரசு நிலம் கொடுத்த 1862 ஹோம்ஸ்டெட் சட்டத்துல 160 ஏக்கர் வரைக்கும் வாங்கினவங்க பட்டாவெல்லாம் மத்திய அரசோட நில மேலாண்மைத் துறை வெப்சைட்ல ஃப்ரீயாவே பாக்கலாம். பத்திரத்துல விலை "ஒரு டாலர்"னு இருந்தா சும்மா கொடுத்துட்டாங்கன்னு முடிவு பண்ணிடாதீங்க, உண்மையான விலையை வெளிய காட்டாம இருக்க அப்படி எழுதுறது வழக்கம். இன்னொண்ணு, மேற்குல கவுண்டிகளைப் பிரிச்சுக்கிட்டே இருந்தாங்க, அதனால பழைய பத்திரம் பக்கத்து கவுண்டி ஆபீஸ்ல தூங்கிட்டிருக்கலாம்.

ஆனா பத்திரம் நிலத்தைத்தான் சொல்லும், வீட்டைச் சொல்லாது. வீடு எப்ப வந்துச்சுன்னு தெரிய பழைய வரி புக்கை வருஷவாரியா புரட்டுங்க, போன வருஷம் வரைக்கும் சின்னத் தொகையா இருந்தது திடீர்னு பல மடங்கு எகிறியிருந்தா அந்த நேரத்துல கட்டடம் எழும்பியிருக்குன்னு எடுத்துக்கலாம். அடுத்தது எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம், சான்போர்ன் மேப். தீ இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக 50 அடிக்கு ஒரு இன்ச் அளவுல ஊர் ஊரா வரைஞ்சது, மர வீடு மஞ்சள், செங்கல் பிங்க், கல் நீலம், எத்தனை மாடி, வராண்டா எந்தப் பக்கம்னு எல்லாமே தெரியும். அதே ஊருக்கு சில வருஷம் விட்டு வந்த மேப்புங்களை அடுத்தடுத்து வெச்சுப் பாருங்க, ஒண்ணுல காலி மனையா இருந்த இடம் அடுத்ததுல மஞ்சளா நிக்கும், அதுக்கடுத்ததுல பின்னாடி ஒரு லாயம் முளைச்சிருக்கும். லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் வெப்சைட்ல நிறைய இருக்கு.

இனி ஆளுங்க. மக்கள்தொகைக் கணக்குதான் இதுக்கு வழி, ஆனா 1890 கணக்கு 1921ல வாஷிங்டன்ல நடந்த தீ விபத்துல நாசமாகி அநேகமா முழுசாவே போயிடுச்சு. இந்த பங்களாக்கள் பலதும் எழும்பின காலமே அதுதான், அதனால மனசு ரொம்ப வலிக்கும். அந்த ஓட்டையை ஊர் டைரக்டரி (ஊர்ல இருக்கவங்க பேர், விலாசம், தொழில் போட்ட புக்), பழைய பேப்பர், வரி புக்கை வெச்சுதான் அடைக்கணும். 1900 கணக்குல பிறந்த மாசம், வருஷம், எந்த வருஷம் நாட்டுக்குள்ள வந்தாங்க, வீடு சொந்தமா வாடகையா, அடமானத்துல இருக்கான்னு வரைக்கும் கேட்டிருக்காங்க.

அந்த மக்கள்தொகைக் கணக்கு (சென்சஸ்) பக்கத்தைப் பாக்கும்போது ஓனர், பொண்டாட்டி, புள்ளைங்களோட நிறுத்திடாதீங்க, கீழ போங்க. "வேலையாள்"னு ஒரு வரி இருக்கும், சீனாவுல பிறந்த சமையல்காரரு, அயர்லாந்துல பிறந்த பொண்ணுன்னு. 1882லயே சீனத் தொழிலாளிங்க நாட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு சட்டம் போட்டுட்டாங்க, அப்படிப்பட்ட நேரத்துல அந்த சமையல்காரரு இந்த வீட்டு அடுப்புல நின்னிருக்காரு. பேரைக்கூட பல இடத்துல காதுல விழுந்தபடி தப்பா எழுதியிருப்பாங்க, அதனால வேற வேற ஸ்பெல்லிங்ல தேடுங்க.

கடைசியா ஓனர் அனுமதி வாங்கிட்டு வீட்டுக்குள்ள போய்ப் பாருங்க. பரண்ல இருக்க ஆணியை டார்ச் அடிச்சுப் பாருங்க, தலையும் உடம்பும் சதுரமா இருந்தா பழைய வெட்டு ஆணி, உருண்டையா இருந்தா கம்பி ஆணி, இது 1890கள்லதான் பரவலா ஆச்சு. பின்பக்க மாடிப்படியையும் பாருங்க, முன்பக்கத்துல இருக்க பாலிஷ் அங்க இருக்காது, வேலையாளுங்க ஏறி இறங்குறதுக்குன்னே குறுகலாக் கட்டினது. சென்சஸ்ல பாத்த அந்தப் பேருங்களை உங்க குறிப்புல ஓனர் பேருக்குக் கீழயே, அதே சைஸ் எழுத்துல எழுதிடுங்க.