கேரல் ஆன் டஃபி: எந்தத் தொகுப்பில் தொடங்குவது, எப்படிப் படிப்பது

டஃபியின் பெயரைப் போட்டுத் தேடினால் முதலில் வந்து நிற்பவை தேர்ந்தெடுத்த கவிதைகள், புதிய தேர்வு, காதல் கவிதைகள் மட்டும், முழுத் திரட்டு என்று ஒரே சரக்கைத் திரும்பத் திரும்பக் கட்டித் தரும் புத்தகங்கள். யோசிக்காமல் இரண்டை வாங்கினால் இதில் படித்த கவிதையே அதிலும் வரும். எதை வாங்கலாம், எந்த வரிசையில் படிக்கலாம், எங்கே சறுக்கும் என்பதற்குத்தான் இந்தப் பதிவு. ஆளைப் பற்றி இரண்டு வரி போதும். 1955இல் கிளாஸ்கோவில் பிறந்தவர், ஸ்டாஃபர்டில் வளர்ந்தவர். 2009 முதல் 2019 வரை பிரிட்டனின் அரசவைக் கவிஞர். 1668இல் டிரைடன் தொடங்கி ஆண்களே வகித்துவந்த பதவிக்கு வந்த முதல் பெண்.

படி 1: பட்டியலைச் சலித்துக்கொள்ளுங்கள்

உங்களுக்கு வேண்டியவை ஒன்பதே ஒன்பது. அன்வில் பிரஸ் வெளியிட்டவை நான்கு: ஸ்டாண்டிங் ஃபீமேல் நியூட் (1985), செல்லிங் மன்ஹாட்டன் (1987), தி அதர் கன்ட்ரி (1990), மீன் டைம் (1993). அதற்குப் பிறகு பிக்கடோர் வெளியிட்டவை ஐந்து: தி வேர்ல்ட்ஸ் வைஃப் (1999), ஃபெமினின் காஸ்பல்ஸ் (2002), ராப்ச்சர் (2005), தி பீஸ் (2011), சின்சியரிட்டி (2018). 1994இல் பெங்குவினும் 2004இல் பிக்கடோரும் போட்டவை இவற்றிலிருந்து பொறுக்கியெடுத்த தேர்வு நூல்கள். 2015இல் வந்தது கலெக்டட் போயம்ஸ் என்ற பெரிய திரட்டு. சின்சியரிட்டி அதற்கு மூன்று வருடம் பிந்தியது, அதனால் அதில் இருக்காது.

காசுக் கணக்குப் பார்த்தால் திரட்டுதான் லாபம். ஆனாலும் அதில் தொடங்க வேண்டாம் என்பேன். டஃபி கவிதைகளை மட்டுமல்ல, புத்தகத்தையும் கட்டுகிறவர். எது முதலில், எது கடைசியில் என்பதில் அவருக்குத் திட்டம் இருக்கிறது. ராப்ச்சர் ஒரு காதல் மூண்டதிலிருந்து முறிந்தது வரை போகும். அதிலிருந்து நாலு கவிதையை மட்டும் தேர்வு நூலில் படித்தால் நல்ல காதல் கவிதைகள் கிடைக்கும், கதை கிடைக்காது.

மின்னூலா, அச்சா? அச்சுதான். போனில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி கண்ட இடத்தில் மடங்கும். கவிஞர் உடைத்த இடம் எது, திரை உடைத்த இடம் எது என்று தெரியாது. கூடவே ஒரு பென்சில் வேண்டும், பேனா வேண்டாம். ஏன் என்பது படி 3இல்.

படி 2: தி வேர்ல்ட்ஸ் வைஃப்

30 கவிதைகள். புராணம், வரலாறு, தேவதைக் கதை எல்லாவற்றிலும் ஓரமாக நின்ற பெண்கள் வாய் திறக்கிறார்கள். மூலக்கதை தெரியாவிட்டால் பாதி நகைச்சுவை கைநழுவும். கிரேக்கப் புராணத்து மைடாஸ் (தொட்டதெல்லாம் பொன்னாகும் வரம் பெற்ற அரசன்), டைரீசியஸ், பிக்மேலியன், ஆர்ஃபியஸ், டிமீட்டர் ஆகிய ஐவரின் கதையையும் முதலில் பத்து வரிச் சுருக்கமாகவாவது படித்துவிடுங்கள்.

மிசஸ் மைடாஸ் கவிதையை எடுத்துக்கொள்வோம். செப்டம்பர் கடைசி. மனைவி ஒரு கிளாஸ் வைன் ஊற்றி வைத்துவிட்டுக் காய்கறி வேகவைக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே கணவன் பேரிமரத்தில் ஒரு குச்சியை ஒடிக்கிறான், அது தங்கமாகிறது. சாப்பிட உட்கார்ந்தால் மக்காச்சோளம் வாய்க்குள் பொன்னாகி, பல் பல்லாகத் துப்புகிறான். அவனைத் தள்ளி உட்காரவைத்துவிட்டு, பூனையை நிலவறையில் போட்டுப் பூட்டுகிறாள். அடுத்து போனை அவன் கைக்கு எட்டாமல் நகர்த்துகிறாள். கழிப்பறை பொன்னானால் அவளுக்கு ஆட்சேபம் இல்லை. சிரித்துக்கொண்டே போய்க் கடைசி வரியில் அவன் கைகளுக்காக, அவன் தொடுதலுக்காக அவள் ஏங்கும்போது நமக்குச் சிரிப்பு நின்றுவிடும்.

மிசஸ் டார்வின் நாலே வரி. தலைப்புக்குக் கீழே ஒரு தேதி, 7 ஏப்ரல் 1852. டார்வினின் உயிரினத் தோற்ற நூல் 1859. மிருகக்காட்சிசாலையில் சிம்பன்சியைப் பார்த்து, இது உங்களை ஞாபகப்படுத்துகிறது என்று கணவனிடம் மனைவி ஏழு வருடம் முன்பே சொல்லிவிட்டாள். தேதியைக் கவனிக்காமல் தாண்டினால் சிரிப்பும் போச்சு.

படி 3: இது யார் கூற்று?

பலரும் சறுக்கும் இடம் இதுதான். டஃபியின் கவிதைகளில் ஏராளமானவை 'நான்' என்று தொடங்கும். அந்த நான் பெரும்பாலும் அவர் இல்லை. குறுந்தொகையில் நமக்குச் சிரமமே இல்லை, தலைவி கூற்று, தோழி கூற்று என்று பாட்டோடு எழுதியே வைத்திருக்கிறது. டஃபி அந்தக் குறிப்பைத் தருவதில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும், பென்சில் அதற்குத்தான். கவிதையை ஒருமுறை படித்ததும் தலைப்புக்கு மேலே 'இன்னார், இன்னாரிடம்' என்று எழுதுங்கள். இரண்டாம் முறை படிக்கும்போது தவறென்று தெரிந்தால் அழித்துவிட்டு மாற்றுங்கள்.

ஸ்டாண்டிங் ஃபீமேல் நியூட் கவிதையில் பேசுவது சில ஃப்ராங்குக்காக ஆறு மணி நேரம் ஆடையின்றி நிற்கும் மாடல். செல்லிங் மன்ஹாட்டன் தொகுப்பிலுள்ள வார்மிங் ஹெர் பேர்ல்ஸில் ஒரு பணிப்பெண். எஜமானியின் முத்துமாலையைப் பகல் முழுக்கத் தன் கழுத்தில் போட்டுச் சூடேற்றி, மாலையில் எஜமானியின் கழுத்தில் போட்டுவிடுவது அவள் வேலை. இரவில் தன் மாடியறையில் படுத்தபடி, கழற்றி வைத்த முத்துகள் ஆறிக்கொண்டிருப்பதை நினைத்து எரிகிறாள். பணிப்பெண், எஜமானியை நினைத்து, அவளுக்குத் தெரியாமல் என்று குறித்துக்கொண்டு மறுபடி படித்துப் பாருங்கள். ஆசை, கூலி வேலை இரண்டும் ஒரே மாலையில் கோத்திருப்பது அப்போதுதான் பிடிபடும்.

இந்தப் படியைத் தாண்டிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஊரறிந்த உதாரணமே உண்டு. முதல் தொகுப்பில் எஜுகேஷன் ஃபார் லெஷர் என்ற கவிதை. வேலையில்லாத, யாரும் மதிக்காத ஒருவன் ஈயைக் கொன்று, தங்கமீனைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விட்டு, ரொட்டிக் கத்தியோடு தெருவில் இறங்குகிறான். கத்திக் குற்றம் பற்றிய பதற்றம் நிலவிய 2008இல், புகார் வந்ததும் இங்கிலாந்தின் பள்ளித் தேர்வுகளை நடத்தும் ஏக்யூஏ வாரியம் பாடத்தொகுப்பிலிருந்து அதை நீக்கியது. கத்தியைப் பாராட்டும் கவிதை இல்லை அது, அப்படி ஒருவன் எப்படி உருவாகிறான் என்பதைக் காட்டுவது. டஃபி பதிலுக்கு, ஷேக்ஸ்பியர் நாடகங்களில் யார் யாரைக் குத்தினார்கள் என்று கேட்டு ஒரு கவிதை எழுதினார். அழகான பதிலடி.

விதிவிலக்கும் உண்டு. தி வேர்ல்ட்ஸ் வைஃப் தொடங்கும் லிட்டில் ரெட் கேப், சிவப்புத் தொப்பிச் சிறுமியும் ஓநாயும் வரும் தேவதைக் கதையின் மறுகூறல். அதில் பதினாறு வயதுப் பெண், கவிதை வாசிக்கும் ஓநாயின் பின்னால் காட்டுக்குள் போய்ப் பத்து வருடம் கழித்துக் கோடரி எடுக்கிறாள். அந்த வயதில்தான் டஃபி, தன்னைவிட மிக மூத்த கவிஞர் ஏட்ரியன் ஹென்ரியைச் சந்தித்தார். இங்கே மட்டும் 'கவிஞரும்' என்று பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

படி 4: மீன் டைம்

ஃபார்வர்ட் பரிசும் விட்பிரெட் கவிதைப் பரிசும் வாங்கிய தொகுப்பு. என் கணக்கில் ஒன்பதில் சிறந்ததும் இதுதான். கடைசியில் இருக்கும் பிரேயர் 14 வரி சானெட். கடவுளை வேண்டத் தெரியாதவர்களுக்குப் பிரார்த்தனை வேறு வழியில் வந்து சேர்கிறது: தூரத்து ரயில் சத்தம், யாரோ பியானோவில் பழகும் முதல் பாடம். முடிவில் நான்கு பெயர்கள் வரும்: ராக்கால், மாலின், டாகர், ஃபினிஸ்டெர். ஒன்றும் புரியாமல் திகைக்க வேண்டாம். பிபிசி வானொலியில் மாலுமிகளுக்காக வாசிக்கும் கடல் வானிலை அறிக்கையின் பகுதிப் பெயர்கள் அவை. பிரிட்டிஷ்காரர்கள் பலர் கப்பலே ஏறாமல் இரவில் கேட்டுக்கொண்டு தூங்கிப்போவார்கள். இணையத்தில் ஒரு பதிவைத் தேடிக் கேட்டுவிட்டு வந்து கவிதையைப் படியுங்கள். ஃபினிஸ்டெர் மட்டும் இப்போது காதில் விழாது. 2002இல் அந்தப் பகுதிக்கு ஃபிட்ஸ்ராய் என்று பெயர் மாற்றிவிட்டார்கள்.

படி 5: மீதி

டி. எஸ். எலியட் பரிசு பெற்ற ராப்ச்சரை ஒரே மூச்சில் படியுங்கள். தி பீஸ் மெதுவாக, தினம் இரண்டு கவிதை. அம்மா இறந்தபின் எழுதியவை அதில் இருக்கின்றன. ஃபெமினின் காஸ்பல்ஸ் கொஞ்சம் நீட்டி முழக்கும் புத்தகம். பெண்கள் பள்ளி முழுக்கச் சிரிப்பு தொற்றும் நெடுங்கவிதைக்காக வாங்கலாம். சின்சியரிட்டியில் டிரம்ப்மீது ஒரு வசைக்கவிதை உண்டு. எனக்கு அது இரண்டாம் வாசிப்பைத் தாங்கவில்லை.

பின்சேர்க்கை: திரட்டு என்று நினைத்து ஆர்டர் போட்டேன், குழந்தைப் பாட்டாக வந்திருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருக்குக் கிடைத்தது ஃபேபர் 2009இல் வெளியிட்ட நியூ அண்ட் கலெக்டட் போயம்ஸ் ஃபார் சில்ட்ரன். பெரியவர்களுக்கான திரட்டு பிக்கடோர், 2015. பணம் கட்டும் முன் பதிப்பகத்தின் பெயரைப் பாருங்கள். மாறி வந்துவிட்டாலும் திருப்பி அனுப்ப அவசரப்படாதீர்கள், வீட்டில் ஆங்கிலம் படிக்கும் பிள்ளை இருந்தால் அவர்களுக்கு ஆகும்.